புதுப்பிப்பு: ஓமலூர்ப் பாட்டனார் எந்தப் படையில் சேர்ந்தார்?

முதல் உலகப் போருக்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்த எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் சேர்க்கைப் பதிவை எங்கே தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். குடும்பத்தில் அவரைச் 'சாப்பர்' (ராணுவப் பொறியியல் படை வீரர்) என்றே சொல்லி வந்ததால், நண்பர்கள் பலர் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் பதிவகத்துக்கு எழுதச் சொன்னீர்கள்.

இதற்கிடையே ஏற்காட்டில் இருக்கும் அத்தையின் பெட்டியிலிருந்து அவருடைய போர்ப் பதக்கம் கிடைத்தது. அக்காலப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறிப்பது வழக்கம். இதில் '61 பயனியர்ஸ்' என்று தெளிவாக உள்ளது. மேலும் இது வெள்ளி. சுமைதூக்கிகள் போன்ற போரிடாத பணியாளர்களுக்கு வெண்கலமே வழங்கப்பட்டதால், அவர் சிப்பாயாகவே இருந்திருக்க வேண்டும்.

பயனியர்கள் சாலை போடுவதோடு காலாட்படையாகவும் போரிட்டவர்கள். 61ஆவது பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் தோல்வியில் முடிந்த தரையிறக்கத்தில் பங்கேற்றது. (சேலத்துக்காரர் டாங்காவில்! வீட்டில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை.) இந்தப் பிரிவு சேர்ந்திருந்த மெட்ராஸ் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டதால், நேரடி வாரிசுப் படைப்பிரிவு என்று ஒன்றைக் கேட்க வழியில்லை. லண்டனின் கியூ பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளில் அதிகாரிகள் பெயரோடு வருவார்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருவார்கள். ஆகவே, அவர் சாப்பர் அல்ல என்றாலும், கேட்க வேறு இடம் தெரியாததால், பதக்கத்திலுள்ள எண்ணையும் ஊர்ப்பெயரையும் குறிப்பிட்டுப் பெங்களூர்ப் பதிவகத்துக்கே இப்போது எழுதியிருக்கிறேன். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அன்று சேலம் மாவட்டத்திலேயே இருந்தன என்பதால், தேடுவோர் தாலுகா பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.