பொது அறைக் கேரம் போர்டு: உங்கள் இடத்தில் எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

கல்லூரி விடுதி:
பிளைவுட் எத்தனை மில்லி என்று கேட்காமல் போர்டு வாங்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் ஆடும் மெல்லிய போர்டு, நாள் முழுக்க ஆட்டம் நடக்கும் ஹாஸ்டலில் சீக்கிரமே நடுவில் குழிந்துவிடும். சர்வதேச கேரம் சம்மேளன விதிப்படி 8 மில்லியாவது வேண்டும். பொது அறைக்கு 12 மில்லிக்குக் குறையவே கூடாது என்பேன். கடையிலேயே நீள இரும்பு ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம்.

மெதுவாக விட்ட ஸ்ட்ரைக்கர் வளைந்து போகிறதா? உடனே போர்டைக் குறை சொல்லாமல், அதைக் கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி விடுங்கள். வளைவும் போர்டோடு திரும்பினால் பலகைக் கோளாறு. முன்பு போன பக்கமே இழுத்தால் ஸ்டாண்டோ தரையோ சாய்ந்திருக்கிறது; காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தாலே போதும்.

போலீஸ் பேரக்ஸ்:
அண்ணன் சொன்ன திருப்பிப் பார்க்கும் முறை நூற்றுக்கு நூறு சரி. நான் சேர்ப்பது: ஆட்டம் முடிந்ததும் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். தன் எடையிலேயே பலகை வளையும், மழைக்காலச் சுவரின் ஈரமும் ஏறும். ஸ்டாண்டிலேயே படுக்க வைத்து மூடி போடுங்கள். ஈரத் துணி, எண்ணெய் இரண்டும் ஆகாது. உலர்ந்த பருத்தித் துணி மட்டும். பவுடரை அள்ளிக் கொட்டினால் காய் வேகமாக ஓடாது, ஈரம் குடித்துக் கட்டியாகி ஒட்டும். ஒரு சிட்டிகை தூவித் தேய்த்துவிட வேண்டும்.

வலை கிழிந்தால் அன்றைக்கே கட்டிவிடுங்கள். காய்கள் தொலைவது அந்த ஓட்டை வழியாகத்தான்: தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விடும். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. எண்ணி டப்பாவில் போட்டு, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மறுவாழ்வு வார்டு, ஆஸ்பத்திரி:
போரிக் பவுடரை வார்டுக்குள் விடவே வேண்டாம் சார். வயிற்றுக்குள் போனால் விஷம். குழந்தைகளும் மனநல நோயாளிகளும் கையை வாயில் வைப்பார்கள். உருளைக்கிழங்கு மாவில் செய்த பவுடர் கிடைக்கிறது, அது போதும்.

விதிப்படி ஸ்டாண்ட் உயரம் 63 முதல் 70 செ.மீ. சக்கர நாற்காலிக்காரருக்கு 70 வையுங்கள், முழங்கால் உள்ளே போக வேண்டும். குறுக்குச் சட்டம் இல்லாத ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கால்மிதி இடிக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு ஆடுபவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட முடியாவிட்டால் தள்ளட்டும். விதியைப் பிடித்துக்கொண்டு தடுக்காதீர்கள், அந்த விரல் அசைவுதான் நமக்கு வேண்டியது.