கொயர்ல பாடுறது மட்டும் காணாதோ? ஆஸ்பத்திரி ஊழியத்துக்குக் கூப்பிடுகினம்

பின்வரிசை_ஆல்ட்டோ (உவர்மலை):
சின்னனில இருந்து எங்கட மெதடிஸ்த கோயில் பாட்டுக்குழுவில, கொயர்லதான். பின்வரிசையில நிண்டு ஆல்ட்டோ (பெண்களின்ர கீழ்க்குரல்) பாடுவன், ஒருத்தரும் என்னைப் பார்க்கமாட்டினம், அது எனக்குப் பிடிச்ச இடம். வருசத் தொடக்கத்து உடன்படிக்கை ஆராதனையில, உமக்கு விருப்பமான வேலையில என்னை வையும் எண்டு எல்லாரோடையும் சேர்ந்து நானும் வாசிச்சன். போதகர் ஐயா அதை நம்பிட்டார் போல. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போற குழுவில சேரச் சொல்லுறார்.

புது ஆளைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்க கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சனம், கந்தளாய்ச் சிங்கள ஆக்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பழகின இடத்தை விட்டு வெளிய வந்தாத்தான் விசுவாசம் வளரும் எண்டு வாலிபர் கூட்டத்திலயும் சொல்லுறாங்கள். பாடுறதும் ஊழியம்தானே?

பாலையூற்று_மச்சான்:
நாங்க கத்தோலிக்கர், எண்டாலும் சொல்லுறன் தங்கச்சி. பயமாக் கிடக்கிற எல்லா வேலையும் கடவுள் தந்த வேலை எண்டில்ல. கடல்மேல நடந்த பேதுரு கூட சும்மா வள்ளத்தால குதிக்கேல்ல, என்னை வரச் சொல்லும் எண்டு இயேசுவிட்ட முதல்ல கேட்டவர். பாட்டுத்தான் குடுத்திருக்கிறார் எண்டால் பாடிட்டு இருங்கோவன்.

பென்சன்_மிஸி:
பிள்ளை, நான் பென்சன் எடுக்கும்வரைக்கும் வாட்டில நிண்டவள். தம்பி சொன்ன பேதுருவை விடுங்கோ, உங்களுக்குத் தோதான ஆள் அனனியா. அப்போஸ்தலர் 9 எடுத்து வாசியுங்கோ. தமஸ்குவில நேர்த்தெருவில ஒரு வீட்டில கண் தெரியாமல், 3 நாள் சாப்பிடாமல் ஒரு ஆள் கிடக்கு. போய்ப் பார் எண்டதுதான் கட்டளை. அந்த ஆளோ சவுல், விசுவாசிகளைக் கட்டிக்கொண்டு போக வந்தவன். அனனியா உடன ஓம் எண்டாரோ? இவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறன் ஆண்டவரே எண்டு முறையிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டவர். அங்க போய்ப் பிரசங்கமும் வைக்கேல்ல. கையை வச்சு, "சகோதரனாகிய சவுலே" எண்டு தொடங்கி ஒரு வசனம், அவ்வளவுதான்.

கட்டிலில இருக்காதேங்கோ. சேலைன் ஏறுற கையைப் பிடிக்காதேங்கோ. பத்து நிமிசம் காணும். என்ன வருத்தம் எண்டு விசாரணை வைக்கிறேல்ல. இரவு நித்திரை வந்ததோ எண்டு கேட்டால் மிச்சத்தை அவையே சொல்லுவினம். பிஸ்கட் கிஸ்கட் குடுக்க முதல் மிஸியிட்டக் கேளுங்கோ, கனபேருக்குச் சீனி. வசனத் துண்டு நீட்டுறவையை நான் வாட்டுக்குள்ள விட்டதில்ல. எழும்பி ஓடேலாத ஆளிட்டப் போய்த் துண்டு நீட்டுறது நியாயமோ?

பார்க்க ஆள் வராத கிழவி ஒராள் பக்கத்துக் கட்டிலில எப்பவும் இருப்பா. கந்தளாய் அம்மாவெண்டால் "கொஹொமத அம்மே", கிண்ணியாவெண்டால் "எப்பிடி ராத்தா". பிறகு அவ கதைப்பா, நீங்க கேட்டால் சரி. வாட்டில எங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறது கனக்கக் கதைக்கிறவைதான், உங்களைப் போல ஆக்களில்ல.

பாட்டில நீங்க தேறின ஆள். ஜெபம் பண்ணாமல் போய் நிண்டாலும் ஆல்ட்டோ வரும். கட்டிலடியில நிக்கேக்க கையில ஒண்டும் இருக்காது. ஆண்டவரே, இப்ப என்ன சொல்ல எண்டு உள்ளுக்குள்ள கேட்பீங்க பாருங்கோ, அந்த ஜெபம் கொயர்ல வராது. அதுக்காகத்தான் போகச் சொல்லுறன். கொயரை விடச் சொல்லேல்ல. தனியவும் போகாதேங்கோ, இயேசுவே இரண்டு இரண்டு பேராத்தான் அனுப்பினவர்.

டொக்யார்ட்_வீதி:
எங்கட மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லியும் உங்களை மாதிரித்தான். எல்லாம் கோயிலுக்குள்ள ஒழுங்கா நடக்கோணும் எண்ட மனுசன். கோயிலுக்கு வெளிய ஆத்தும இரட்சிப்பு நடந்தால் அதையே கிட்டத்தட்டப் பாவம் எண்டு நினைச்சதாத் தன்ர நாட்குறிப்பில எழுதினவர். 1739 ஏப்ரலில இங்கிலாந்து பிரிஸ்டலில அவற்ற கூட்டாளி, பிரசங்கியார் வைட்ஃபீல்ட்தான் அவரை வெட்டவெளியில பிரசங்கம் பண்ண இறக்கிவிட்டார். கிங்ஸ்வுட் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் அப்பிடித்தான் பிரசங்கம் போனது. வெஸ்லியோட ஊழியம் செய்த தோமஸ் கோக்கைப் பாருங்கோ, 66 வயசில இலங்கைக்கு மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு 1814 மே மாதம் நடுக்கடலில இறந்தவர். மற்றவை ஜூன் கடைசியில காலிப் பக்கம் வந்து இறங்கிச்சினம். உங்களுக்கு உவர்மலையில இருந்து ஓட்டோ காணும்.

பின்வரிசை_ஆல்ட்டோ:
ஓட்டோக் காசு நீங்க தருவீங்களோ 😄 மிஸி அன்ரி, ராத்தாவிட்ட ஜெபம் பண்ணவோ எண்டு கேட்கலாமோ? சாரிதான் உடுக்கோணுமோ?

பென்சன்_மிஸி:
அவவாக் கேட்டால் பண்ணுங்கோ, கேட்காட்டி வீட்டை வந்து பண்ணுங்கோ. சுடிதார் காணும், சத்தம் போடாத செருப்பாப் பாருங்கோ. நோயாளிகளைப் பார்க்க உள்ள விட்டவுடன சொந்தக்காரர் நெருக்கி அடிப்பினம், அது கொஞ்சம் கழிய உள்ள போங்கோ.