எச்-இண்டெக்ஸ் 11ஐ வைத்துக்கொண்டு கரிம வேதியியல் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கலாமா?

பென்சீன்வளையம் கேட்டது:

முனைவர் பட்டம், போஸ்ட்டாக் இரண்டும் முடித்துவிட்டு ஆசிரியப் பணிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கட்டுரைகள், மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. என் கணக்கு 19, 410, 11. (எச்-இண்டெக்ஸ் 11 என்றால், தலா 11 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 11 இருக்கின்றன என்று பொருள்.) அந்த 410இல் 180, நான் இரண்டாம் ஆசிரியராக இருந்த ஒரே ஒரு ரிவ்யூவுக்கு (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் கட்டுரை) வந்தவை. என் ஆராய்ச்சிக் காலத்தில் பெரும்பகுதியை விழுங்கிய முழுத்தொகுப்புக் கட்டுரைக்கு (இயற்கையில் கிடைக்கும் ஒரு ஆல்கலாய்டு மூலக்கூறை எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் கட்டியது, 20 படிகளுக்கு மேல்) இதுவரை 9தான். அதாவது எச்-இண்டெக்ஸைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். என்னோடு படித்து இப்போது பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தில் வேலை செய்யும் நண்பருக்கு எச்-இண்டெக்ஸ் 30ஐத் தாண்டிவிட்டது. நான் பின்தங்கிவிட்டேனா, துறையே இப்படித்தானா?

வாலைவடி:

துறை இப்படித்தான். அந்த நண்பரோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர், 2005இல் எழுதினார், துறைக்குத் துறை இந்த எண் மாறும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடும் துறையில் மேற்கோள் தானாக வந்து சேரும். ஓர் ஆல்கலாய்டை உலகத்தில் இரண்டு மூன்று குழுக்கள் செய்தால் அதிகம், அவர்கள் உங்களை மேற்கோள் காட்டிய பிறகு வேறு யார் மிச்சம்? ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: முதல் சுற்றில் கோப்புகளைப் பிரிப்பவர் பெரும்பாலும் வேறு துறைக்காரர், அவர் கண்ணில் முதலில் படுவது இந்த எண்தான். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

சிலிக்காஜெல்:

எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். கார்பன் அணுக்களை இணைக்கும் சுசுகி, மியௌரா வினை முதலில் வந்தது 1979இல். ஆனால் அவர்கள் இருவரும் 1995இல் எழுதிய ரிவ்யூவுக்குத்தான் அந்த முதல் கட்டுரையைவிட மேற்கோள் அதிகம். ஆகவே உங்கள் ரிவ்யூவுக்கு 180 வந்ததில் வியப்பே இல்லை. இன்னொரு பக்கம், ஒரு வேலை எல்லோர் கைக்கும் போய்விட்டால் மேற்கோளே நின்றுவிடும். ஆறு அணு வளையம் கட்டும் டீல்ஸ்-ஆல்டர் வினை செய்கிறவர்களில் எத்தனை பேர் 1928 கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள்? ஃப்ளாஷ் குரோமட்டோகிராஃபி (கலவையிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் முறை) ஓட்டாத கரிம வேதியியல் ஆய்வகம் ஏது, ஆனால் அந்த முறையைப் பற்றி ஸ்டில் 1978இல் எழுதியதை இன்று மேற்கோளாகப் போடுபவர் குறைவு. முழுத்தொகுப்பின் பலன் பல நேரம் பக்கவாட்டில்தான் வரும்: வைட்டமின் பி12 தொகுப்பில் கிளம்பிய ஒரு புதிரிலிருந்துதான் வளையம் மூடுவது போன்ற வினைகள் எந்த வழியில் நடக்கும் என்று சொல்லும் வுட்வர்ட்-ஹாஃப்மன் விதிகள் பிறந்தன, விதிகள் 1965இல், பி12 முடிந்தது 1972இல்.

ஆனால் "எண் பொய்" என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள், அது புலம்பலாகத்தான் தெரியும்.

ரிஃப்ளக்ஸ்:

உங்கள் முழுத்தொகுப்பை மேற்கோள் காட்டிய அந்த 9 கட்டுரைகளையும் திறந்து பாருங்கள், ஒரு மாலை வேலைதான். முன்னுரையில் உங்கள் மேற்கோள் எண் "4 முதல் 11 வரை" என்பது போன்ற கூட்டத்தில் நிற்கிறதா, அல்லது சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷனில் (கட்டுரையோடு வரும் விவர இணைப்பு) செய்முறைக்குள் நிற்கிறதா? இரண்டாவதுதான் தங்கம். "முன்பு வெளியான முறைப்படி" என்று ஒரு வரி, அதில் உங்கள் எண், கீழே அவர்களுக்குக் கிடைத்த விளைச்சல், என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அளவீடு). உங்கள் முறையை எங்கோ ஒருவர் குடுவையில் போட்டு, அது வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. முன்னுரையில் கூட்டமாக வரும் 50 மேற்கோளை விட அது எனக்குப் பெரிது.

பென்சீன்வளையம்:

பார்த்தேன். நான்கு முன்னுரையில், மூன்று ரிவ்யூக்கள். மீதி இரண்டில் என்னுடைய வளையம் மூடும் படியை அப்படியே எடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒன்று வேறு வகை மூலக்கூறில், விளைச்சல் 71 சதவீதம், எனக்குக் கிடைத்ததைவிட அதிகம்! இது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இதை எங்கே எழுதுவது?

ரிஃப்ளக்ஸ்:

ஆராய்ச்சி அறிக்கையின் முதல் பத்தியில். அந்தப் படியை வரைந்து, பக்கத்தில் அவர்களுடைய மூலக்கூறையும் வரையுங்கள். உங்கள் புதிய திட்டமும் அதிலிருந்தே கிளம்பினால் இன்னும் நல்லது. முடிந்தால் அந்தப் படியை ஆர்கானிக் சிந்தசிஸ் இதழுக்கு அனுப்பப் பாருங்கள், அங்கே ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவருடைய ஆய்வகம் செய்முறையைத் தானே செய்து பார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள்.

வாலைவடி:

மூன்று எண்களையும் ஒரே தளத்திலிருந்து எடுங்கள். கூகுள் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றும் ஒத்துப்போகாது, ஸ்காலரில் கூடுதலாகவே காட்டும். எடுத்த தேதியையும் போடுங்கள். ஆசிரியர் வரிசையில் முதல் பெயராக உள்ள கட்டுரைகளைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள், 19இல் உங்கள் கை எங்கே என்று அவர்கள் தேடக் கூடாது.