ஓ குரூப் அக்காவுக்குக் கிட்னி: வீட்டுல யாரைக் கேக்கறது, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கோபி வடக்கு:

சின்ன அக்காவுக்கு 49 வயசு, ஓ பாசிட்டிவ். அப்பா வழியில வந்த நீர்க்கட்டி கிட்னி நோய் (ஏ.டி.பி.கே.டி.). ஈரோட்டுல வாரம் ரெண்டு டயாலிசிஸ் போகுது. கிட்னி மாத்தறதுக்குக் கோயமுத்தூர்ல காட்டச் சொல்லிட்டாங்க. "குடும்பத்துல யார் தருவாங்கன்னு பேசிட்டு வாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

வீட்டு நிலவரம்: மாமா 52, பி பாசிட்டிவ். பெரிய அக்கா 57, ஓ பாசிட்டிவ், பி.பி.க்குத் தினம் ஒரு மாத்திரை. நான் 44, ஏ பாசிட்டிவ். அக்கா பையன் 21, ஓ பாசிட்டிவ், அவன்தான் முந்திக்கிட்டு நிக்கறான். பாலக்காட்டுல இருக்கற எங்க அத்தை பையன் 50, ஓ நெகட்டிவ், அவரும் தர்றேங்கறார். இதுக்கு நடுவுல பள்ளிபாளையம் பக்கமிருந்து ஒருத்தர் போன் பண்ணி, "ஆள் ரெடியா இருக்கு, பேப்பரெல்லாம் நாங்களே பாத்துக்கறோம்"ங்கறார்.

யாரை மொதல்ல டெஸ்ட் பண்றதுங்க? என்ன பேப்பர் சேக்கணும்?

அவிநாசி ரோடு:

மொதல்ல அந்தப் பள்ளிபாளையத்து நெம்பரை பிளாக் பண்ணுங்க. 2025ல அந்தப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளிகளோட கிட்னி விலைக்குப் போன விவகாரம் ஊருக்கே தெரியும். உறுப்பு மாற்றுச் சட்டம் 19வது பிரிவுல குறைஞ்சது 5 வருசம், அதிகபட்சம் 10 வருசம் ஜெயில், அபராதம் 20 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும். வித்தவருக்கு மட்டுமில்லீங்க, வாங்கினவருக்கும் ஏற்பாடு பண்ணினவருக்கும் சேத்துத்தான். வாட்ஸ்அப் குரூப்ல "ஓ குரூப் கிட்னி தேவை"ன்னு நெம்பர் போட்டு அனுப்பறதையும் நிறுத்துங்க. அதைப் பாத்துட்டு மொதல்ல கூப்பிடறது இந்த ஆளுங்கதான், டெஸ்ட்டுக்கு அட்வான்ஸ்னு காசு கறந்துட்டுக் காணாமப் போவாங்க.

இப்ப குரூப்புக்கு வருவோம். ஓ குரூப் நோயாளிக்கு ஓ கிட்னிதான் நேரடியாப் பொருந்தும். பாசிட்டிவ், நெகட்டிவ் கிட்னிக்கு ஒரு பொருட்டே இல்ல, அதனால அத்தை பையன் நெகட்டிவ்ங்கறதை மறந்துடுங்க. ஆக நேரடியா மூணு பேர்: பெரிய அக்கா, பையன், அத்தை பையன்.

ஆனா உங்க வீட்டுல குரூப்பை விடப் பெரிய கேள்வி அந்தப் பரம்பரை நோய்தான். அப்பாவுக்கு இருந்ததால உங்க மூணு பேருக்குமே பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்கா பையனுக்கும் அதே பாதிக்குப் பாதி. அத்தை பையனை எல்லாரும் மறந்துடுவாங்க: அத்தை உங்க அப்பா கூடப் பொறந்தவங்க, அவங்களுக்கு இருந்திருந்தா அவருக்கும் இருக்கலாம்.

பெரிய அக்காவுக்கு 57 ஆனது இந்த எடத்துல நல்லது. நோய் இருக்கற குடும்பத்துல 40 தாண்டினவங்களுக்கு வயித்து ஸ்கேன்ல ரெண்டு கிட்னியிலயும் சேத்து ரெண்டுக்குக் குறைவான கட்டி இருந்தா நோய் இல்லேன்னு சொல்லிடலாம். 50 வயசு அத்தை பையனுக்கும் இதே கணக்கு. 21 வயசுப் பையனுக்கு ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் நம்ப முடியாது, கட்டி இனிமேத்தான் வரலாம். அவனுக்கு எம்.ஆர்.ஐ. வேணும், அதுல மொத்தம் 5க்குக் குறைவா இருக்கணும். இன்னும் உறுதி வேணும்னா மொதல்ல அம்மாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்து, எந்த மாற்றம்னு கண்டுபிடிச்சு, அதே மாற்றம் அவனுக்கு இருக்குதான்னு பாக்கணும். நேராப் பையனுக்கு மட்டும் எடுத்தா "ஒண்ணும் இல்ல"ன்னு வர்ற ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லீங்க. என் கணக்குல பையன் கடைசி.

பெரிய அக்காவுக்கு எடுத்த எடுப்புல சி.டி. ஸ்கேன் வரைக்கும் போகாதீங்க. மலிவான டெஸ்ட்லயே தள்ளிப் போறவங்கதான் அதிகம். குரூப்பைத் திரும்பப் பாருங்க, பழைய கார்டுல தப்பு இருக்கும். வெறும் வயித்துச் சர்க்கரை, மூணு மாசச் சர்க்கரை, கிரியாட்டினின், மூத்திரத்துல அல்புமின், வயித்து ஸ்கேன், இவ்வளவுதான் மொதல் சுற்று. தேறினா கிராஸ் மேட்ச் (தர்றவர் அணுக்களை நோயாளியோட ரத்தம் எதிர்க்குதான்னு பாக்கறது), எச்.எல்.ஏ. (திசுப் பொருத்தம்). அதுக்கப்புறம்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு எடுக்கற டெஸ்ட், எக்கோ, டி.டி.பி.ஏ. ஸ்கேன் (ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்கறது), கடைசியா ரத்தக்குழாய்க்கு சி.டி. ஆஞ்சியோ.

ஜி.எப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டற வேகம்) 90க்கு மேல இருந்தா நல்லது, 60லிருந்து 89 வரைக்கும் வயசையும் மத்ததையும் பாத்து டாக்டர் முடிவு, 60க்குக் கீழ வேண்டாம். அல்புமின் ஒரு நாளைக்கு 30 மி.கி.க்குக் கீழ இருக்கணும், 100 தாண்டினா வேண்டாம். ஒரு மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கற பி.பி. இப்பெல்லாம் தடையில்ல. ஆனா 24 மணி நேரம் கையில மிசின் கட்டிப் பாப்பாங்க, கண், இருதயம், மூத்திரத்துல பி.பி. பாதிப்பு இருக்கக் கூடாது.

காளிங்கராயன் கரை:

மாமாவை ஏன் விட்டுட்டீங்க? குரூப் சேராட்டியும் மாத்தறாங்களே. அக்கா ரத்தத்துல பி-க்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) எவ்வளவுன்னு பாத்து, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அது உருவாகறதை அடக்கற ரிடுக்ஸிமாப் ஊசி போட்டு, பிளாஸ்மா மாத்தி, அளவை 1:8 கிட்டக் (பின்னாடி வர்ற எண் பெருசானா ஆன்டிபாடி அதிகம்னு அர்த்தம்) கொண்டு வந்துட்டுச் செய்யறாங்க.

அவிநாசி ரோடு:

செய்யறாங்க, மறுக்கல. செலவு லட்சக்கணக்குல கூடும், எதிர்ப்புச் சக்தியை அவ்வளவு அடக்கறதால நோய்த்தொற்றும் கூடும். 1:32, 1:64ன்னா சமாளிக்கலாம், 1:512ன்னா ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, அந்தம்மா அவரோட குழந்தையைச் சுமந்தவங்க. கர்ப்ப காலத்துல மாமாவோட திசுக்கு எதிரா ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அது குரூப்போட சம்பந்தப்படாத தனிச் சமாச்சாரம். பையன் அம்மாவுக்குக் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். சி.டி.சி.ங்கற சாதாரண கிராஸ் மேட்ச் நெகட்டிவ்னு வந்ததோட விட்டுடாதீங்க, அதை விட நுணுக்கமான ப்ளோ கிராஸ் மேட்ச்சும் டி.எஸ்.ஏ.வும் (தர்றவர் திசுக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட்) கேளுங்க. கூடப் பொறந்த அக்கா கிட்னியில இந்தப் பிரச்சினை பொதுவா குறைவு.

பரிமாற்றம்னு, ரெண்டு குடும்பம் மாத்திக் கொடுக்கறதும் சட்டப்படி உண்டு, அங்கீகாரக் குழு (உறுப்பு தானத்தை விசாரிச்சுச் சட்டப்படி அனுமதி தர்ற குழு) அனுமதியோட, ரெண்டு பக்கமும் நெருங்கின உறவா இருக்கணும். ஆனா உங்களுக்குத் தேவை "பி நோயாளி, ஓ கொடையாளி" ஜோடி. அவங்களுக்குள்ளயே பொருந்துமே, எதுக்கு மாத்தப் போறாங்க? கிராஸ் மேட்ச் பாசிட்டிவ் ஆனாத்தான் வருவாங்க. ஓ நோயாளிக்குப் பரிமாற்றம் அமையறது அபூர்வம். பேரை மட்டும் பதிஞ்சு வையுங்க.

அதுவரைக்கும் அக்காவுக்கு ரத்தம் ஏத்தறதைத் தவிருங்க. ஒவ்வொரு பாட்டிலும் புது ஆன்டிபாடிக்கு வழி. ஹீமோகுளோபின் இறங்கினா இரும்பு ஊசி, ரத்தம் ஊறறதுக்கான எரித்ரோபொயட்டின் ஊசி. ஏத்தியே ஆகணும்னா வெள்ளணு வடிகட்டின ரத்தம். கிட்னி தரப்போறவங்க ரத்தம் கண்டிப்பா வேண்டாம். ஏத்தின பிறகு கிராஸ் மேட்ச்சைத் திரும்ப எடுக்கணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னும் கேளுங்க. டயாலிசிஸ்காரங்களுக்கு ரெட்டை டோஸ், 0, 1, 2, 6 மாசம்னு நாலு தடவை.

தாராபுரம் சந்தை:

பேப்பர் பத்தி நான் சொல்றேன். சட்டத்துல நெருங்கின உறவுன்னா கணவன் மனைவி, அப்பா அம்மா, மகன் மகள், கூடப் பொறந்தவங்க, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அதோட முடிஞ்சது. மாமன், மச்சான், சித்தப்பா, பங்காளி, மருமகன் யாரும் இதுல வர மாட்டாங்க. அதனால பெரிய அக்கான்னா படிவம் 1, மாமான்னா படிவம் 2, அத்தை பையன்னா படிவம் 3, அங்கீகாரக் குழு முன்னாடி நேர்ல நிக்கணும்.

பெரிய அக்கா விசயத்துல தடுக்கறது பெரும்பாலும் பேருதாங்க. ஒரு பத்திரத்துல அப்பா பேருக்குப் பின்னாடி கவுண்டர் இருக்கும், ஆதார்ல இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இன்ஷியல், அப்புறம் புருசன் இன்ஷியல். ரெண்டு அக்காவுக்கும் ஒரே அப்பா அம்மான்னு காட்டணும்: பள்ளிக்கூட டி.சி., பழைய ரேசன் கார்டு, வாரிசுச் சான்று எது கிடைச்சாலும் எடுங்க. தாசில்தார் ஆபீஸ்ல உறவுமுறைச் சான்றுக்கும், பேர் வித்தியாசத்துக்கு ஒரே நபர்னு சான்றுக்கும் இப்பவே மனுப் போடுங்க. மெடிக்கல் டெஸ்ட் முடியட்டும்னு காத்திருந்தா, அக்கா பொருந்தியும் பேப்பருக்காக நிக்கணும்.

அத்தை பையன்னா குழு கேக்கறது: ரெண்டு பேருக்கும் என்ன பழக்கம், எதுக்குக் கொடுக்கறார், நடுவுல ஆள் உண்டா, ரெண்டு பேரோட தொழில், கடைசி மூணு நிதியாண்டு வருமானம். சேந்து எடுத்த பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகையில அவர் பேர் இருந்தா அதையும் வையுங்க. நேத்து மண்டபத்துல எடுத்த போட்டோ செல்லாது. அவர் வீட்டுக்காரங்களுக்கும் தெரியுமான்னு கூப்பிட்டு விசாரிப்பாங்க. பாலக்காட்டுல குடியிருக்கறதால கேரளாவுல இருந்து தடையில்லாச் சான்று வேணும், அதுக்கே நாள் இழுக்கும். அவர் நல்ல மனுசனா இருக்கலாம், ஆனாலும் பெரிய அக்காவுக்கு அப்புறம்தான்.

வருச வருமானம் 1,20,000க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு எடுத்து வையுங்க. கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் கிட்னி மாத்தறாங்க. எங்க பாத்தாலும், கூடவே டிரான்ஸ்டான்ல (தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம்) மூளைச்சாவு கிட்னிக்கும் அந்த ஆஸ்பத்திரி மூலமாப் பதிஞ்சுடுங்க. ஓ குரூப் வரிசை நீளம், பதிஞ்ச தேதி முக்கியம்.

கோபி வடக்கு:

ரொம்ப நன்றிங்க. பெரிய அக்காகிட்ட எப்படிக் கேக்கறது? அவங்க வீட்டு மாமா கொஞ்சம் தயங்கறார். எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசிடலாமான்னு அம்மா சொல்லுது.

காளிங்கராயன் கரை:

வேண்டாமுங்க. பத்துப் பேர் நடுவுல கேட்டா யாரால மாட்டேன்னு சொல்ல முடியும்? அப்படி வாங்கின சம்மதம் ஆஸ்பத்திரியிலயே உடையும். மனநல டாக்டர் தனியாக் கூப்பிட்டுப் பேசுவார், அங்க அழுதா அதோட சரி. சின்ன அக்காவையும் நேராக் கேக்க விடாதீங்க. "நோய் இது, குரூப் இது, விவரம் வேணும்னா மாற்று ஒருங்கிணைப்பாளர் நெம்பர் இது"ன்னு நீங்க சொல்லிட்டு நிறுத்திக்குங்க. அவங்களாக் கூப்பிடட்டும். மனசு மாறினா "மெடிக்கலாப் பொருந்தல"ன்னு மட்டும் சொல்லச் சொல்லி டாக்டர்கிட்டத் தனியாக் கேட்டுக்கலாம்னு மொதல்லயே சொல்லிடுங்க. அந்தக் கதவு இருக்குதுன்னு தெரிஞ்சாலே பாதிப் பேரு நிதானமா யோசிப்பாங்க.

அவங்க வீட்டு மாமாவோட பயம் நியாயமானது, மழுப்பாதீங்க. ஆபரேசன்ல கொடையாளி உயிருக்கு ஆபத்து 10,000ல சுமார் 3. பிற்காலத்துல கிட்னி கெடற வாய்ப்பு, கொடுக்காம இருந்தா இருக்கறதை விடக் கொஞ்சம் கூடுதல். ரெண்டுல ஒண்ணு போனாலும் மீதி ஒண்ணு பெருத்து, மொத்த வேலையில கிட்டத்தட்ட எழுபது சதவீதம் பாத்துக்கும். ரெண்டும் ஒரே மாதிரி வேலை செஞ்சா, ரத்தக்குழாய் நீளமா இருக்கற இடது கிட்னியைத்தான் பெரும்பாலும் எடுப்பாங்க. ஒண்ணு மட்டமா இருந்தா மட்டமானதை எடுத்து, நல்லதை அவங்களுக்கே விடுவாங்க. லேப்ராஸ்கோப்பின்னா நாலஞ்சு நாள்ல வீடு.

தாராபுரம் சந்தை:

காசு பத்தியும் பேசிடுங்க. கிட்னிக்குக் காசு கொடுக்கக் கூடாது, ஆனா அதனால ஆகற போக்குவரத்துச் செலவு, வேலைக்குப் போகாத கூலி நட்டம் கொடுக்கறதைச் சட்டமே விலையாப் பாக்கல. ரசீது வெச்சுக்குங்க. மாடு கறக்கறவங்கன்னா ஆறு வாரத்துக்கு ஆள் போடுங்க, பால் கேன், தண்ணிக்குடம், தீவன மூட்டை எதையும் தூக்கக் கூடாது. அதுக்கப்புறம் வருசம் ஒரு தடவை பி.பி., கிரியாட்டினின், மூத்திர அல்புமின். மூட்டு வலின்னு மெடிக்கல்ல டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் வாங்கிப் போடற பழக்கம் இருந்தா அது அன்னியோட நிக்கணும். இந்த ஒண்ணை மட்டும் அவங்க வீட்டு மாமாகிட்ட அழுத்திச் சொல்லுங்க, மாத்திரை வாங்கிட்டு வர்றது அவராத்தான் இருக்கும்.