அண்மையில் பார்த்த படங்கள்: கதாநாயகனைத் தாண்டி உங்கள் மனத்தில் நின்றவர் யார்?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சென்ற வாரம் வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து '3 பிஎச்கே' பார்த்தோம். 2025 ஜூலையில் திரைக்கு வந்தபோது வேலை நெருக்கடியில் தவறிப்போன படம். பார்த்ததிலிருந்து சரத்குமார் நினைவாகவே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி.

1994இல் 'நாட்டாமை' வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோள், நடை, குரல் எல்லாமே அதிகாரம். 'பொன்னியின் செல்வன்' படத்தில் பெரிய பழுவேட்டரையராக வந்தபோதும் அந்த உடம்புக்கென்றே அமைந்த வேடம். '3 பிஎச்கே'யில் அதே மனிதர் வாசுதேவன் என்கிற சாதாரணச் சம்பளக்காரர். வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீட்டுக்குக் காசு சேர்க்கிறார். ஏதாவது ஒரு செலவு வந்து சேர்த்ததைக் கொண்டுபோகிறது. மறுபடி சேர்ப்பதற்குள் விலை ஏறிவிடுகிறது. அவ்வளவு பெரிய ஆள் தன்னை எப்படிச் சுருக்கிக்கொள்கிறார் என்று கவனித்தீர்களா? பேச்சு குறைவான இடங்களில்தான் எனக்கு அவரை இன்னும் பிடித்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஆனால் மனதுக்குள் கூட்டல் கழித்தல் ஓடுவது நமக்குத் தெரிகிறது.

என் அப்பா இங்கே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அங் மோ கியோவில் மூவறை வீடு. பிள்ளைகள் முன்னால் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்கள் படுத்த பிறகு சமையலறையில் அம்மாவிடம் தணிந்த குரலில் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். படத்தில் பணத்தைக் கூட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்டது.

தேவயானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997இல் 'சூரியவம்சம்' படத்தில் பார்த்த அதே ஜோடியை இத்தனை ஆண்டு கழித்து அம்மா அப்பாவாகப் பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் அவருக்கு எழுதியது போதவில்லை. நாலு காட்சி கூடக் கொடுத்திருக்கலாம்.

சரி, உங்கள் முறை. கடந்த ஈராண்டில் வந்த படங்களில் யார் நடிப்பு உங்களை விட்டுப் போகவில்லை? எந்தக் காட்சி என்று சொல்லி எழுதுங்கள். வெறும் 'சூப்பர்', 'மாஸ்' வேண்டாம்.

பொங்கோல்பையன்:

அக்கா, சரத்குமார் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். படத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு கஷ்டம் முடிந்தால் அடுத்தது வாசலில் நிற்கிறது. மகனாக வரும், நாற்பதைத் தாண்டிய சித்தார்த்தைப் பள்ளி மாணவனாக ஏற்றுக்கொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது.

நானும் என் வருங்கால மனைவியும் பிடிஓ எனும் அரசாங்கப் புது வீட்டுக்குக் காத்திருக்கிறோம். இங்கே 99 ஆண்டுக் குத்தகை, மசேநிதி எனும் மத்திய சேம நிதியிலிருந்து தவணை, வீடு தேர்ந்தெடுக்கும் வரிசை எண் நல்லதாக அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சென்னையில் ஒரு குடும்பம் வீட்டுக்காக வாழ்நாளையே கொடுப்பது என்னைப் போன்றவனுக்கு உறைக்க வேண்டுமானால், படம் கஷ்டங்களை அடுக்குவதைக் குறைத்துவிட்டு அந்த மனிதர்களோடு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு நின்றவர் தங்கையாக வந்த மீதா ரகுநாத். 2023இல் 'குட் நைட்' படத்தில் மணிகண்டனுக்கு ஜோடியாக வந்தவர். அண்ணனுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும் பெண் என்று எழுதிவைத்தால் யாரும் அழுதுவிடலாம். இவர் அழாமலே அந்தப் பாரத்தைக் காட்டுகிறார். புகுந்த வீட்டில் படும் பாட்டைப் பெற்றவர்களிடம் மறைக்கும் முகம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்தப் படம்.

மன்னார்குடியான்:

நான் துவாஸ் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன். படமெல்லாம் கைப்பேசியில்தான், வேலை முடிந்து படுக்கையில் காதில் மாட்டிக்கொண்டு.

எனக்கு 'மெய்யழகன்' அரவிந்த்சாமி. கதை நடக்கும் நீடாமங்கலம் எங்கள் பக்கத்து ஊர். பேச்சு அதிகம் கார்த்திக்குத்தான், அவரும் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் ஒருவன் வாய் ஓயாமல் "அத்தான் அத்தான்" என்று சுற்றிச் சுற்றி வர, அவன் யாரென்றே பிடிபடாமல், அதைச் சொல்லவும் முடியாமல் இருப்பவனாக நடிப்பது அதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். அரவிந்த்சாமி சிரிக்கிறார், தலையாட்டுகிறார், கண் மட்டும் தேடிக்கொண்டே இருக்கிறது. நேரம் போகப் போக அந்தக் கூச்சம் எப்படிப் பாசமாக மாறுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் முறை அதற்காகவே பார்த்தேன், அப்போதும் மாறிய இடம் பிடிபடவில்லை.

கல்யாண மேடையில் தங்கைக்குத் தான் வாங்கி வந்த நகையைப் போட்டுவிடும் காட்சி இருக்கிறது. என் தங்கை கல்யாணத்துக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, காணொளி அழைப்பில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

படம் வெளியான பிறகு நீளம் என்று ஏறக்குறைய 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். எங்கள் ஊரில் ராத்திரி பேச உட்கார்ந்தால் பேச்சு அப்படித்தான் போகும், எங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் வரும். இயக்குநர் பிரேம்குமார் அதைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

தெம்பனிஸ்_டீச்சர்:

'மெய்யழகன்' வந்ததற்கு ஒரு வாரம் முன்னால், 2024 செப்டம்பர் 20இல், 'லப்பர் பந்து' வந்தது. ஒரே மாதத்தில் இப்படி இரண்டு படம்!

எல்லாரும் 'அட்டகத்தி' தினேஷைப் பற்றித்தான் பேசினார்கள். பேச வேண்டியதுதான். 2012இல் 'அட்டகத்தி' படத்தில் அந்தத் துறுதுறு பையன், 2014இல் 'குக்கூ'வில் பார்வையற்றவர், அப்புறம் 'விசாரணை', இப்போது கல்யாண வயதுப் பெண்ணுக்கு அப்பாவான கிரிக்கெட் ஆட்டக்காரர் 'கெத்து'. மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்து விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

ஆனாலும் என் ஓட்டு ஸ்வாசிகாவுக்கு. கெத்துவின் மனைவி யசோதா. புருஷன் வேலையைப் போட்டுவிட்டு விளையாடப் போனால் கோபப்படும் மனைவி என்றால் நம் படங்களில் வழக்கமாக அவளை எரிச்சலூட்டும் ஆளாக ஆக்கிவிடுவார்கள். இவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, காதலும் இருக்கிறது. இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. இத்தனைக்கும் அவருக்கு அவ்வளவு பெரிய பெண் இருக்கும் வயதே கிடையாது. மலையாளத்திலிருந்து வந்தவர் என்பதைப் படம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உட்லண்ட்ஸ்77:

'மகாராஜா', சிங்கம்புலி. ஏன் என்று சொன்னால் பார்க்காதவர்களுக்குப் படம் கெட்டுவிடும். 'ரெட்', 'மாயாவி' படங்களை இயக்கியவர், பல ஆண்டுகளாக நம்மைச் சிரிக்கவைத்தவர். அந்தச் சிரிப்பை வைத்தே இயக்குநர் நித்திலன் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். இனி அவர் நகைச்சுவைக் காட்சிகளை என்னால் பழையபடி பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது.

பொங்கோல் தம்பி, மீதாவைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. என் மகளும் அதையேதான் சொன்னாள். கஷ்டங்களை அடுக்குகிறார்கள் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். எங்கள் அப்பா காலத்தில் அடுத்தடுத்துத்தான் வந்தது: வேலை போனது, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அண்ணன் கட்டாயத் தேசிய சேவையில் இருந்த சமயம் வீட்டில் ஒரே ஒரு சம்பளம். இடையில் மூச்சு விட நேரமில்லை. நல்ல வரிசை எண் கிடைக்கட்டும் உங்களுக்கு.

மன்னார்குடித் தம்பி, தங்கையும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களா? நான் 'மெய்யழகன்' பார்த்தபோது கார்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரவிந்த்சாமியின் கண்ணுக்காக இன்னொரு முறை பார்க்கிறேன்.

டீச்சர், யசோதா பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு 'டூரிஸ்ட் ஃபேமிலி' சிம்ரன் ஞாபகம் வந்தார். 2025 மே முதல் தேதி வந்த படம். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தின் அம்மா. சசிகுமார் தெருவையே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, சிம்ரன்தான் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தைப் படம் முழுக்கத் தூக்கிச் சுமக்கிறார். அந்தப் பயம் இல்லாவிட்டால் அது வெறும் கலகலப்பான படமாகப் போயிருக்கும். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த்துக்கு அது முதல் படம் என்பதும் ஆச்சரியம்தான். அவர்கள் இருவரும் பேசும் இலங்கைத் தமிழ் எனக்கு இயல்பாகவே பட்டது. யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அது உங்கள் காதுக்கு எப்படி இருந்தது? யாராவது சொல்லுங்களேன்.