தண்ணீர்மலைப் படியும் முட்டித் தேய்மானமும்: பிளாட் குழு, பினாங்கு

செல்வி அக்கா: முட்டித் தேய்மானம்னு எக்ஸ்ரேல வந்தா நடக்காம ஓய்வா இருக்கிறதுதானே நல்லது? அம்மா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறணும்ங்கிறாங்க. 500 படிக்கு மேல லா!

மாலதி (பிசியோ): ஓய்வு வேண்டாம்க்கா. நடக்கும்போது அதிர்வைத் தாங்குறது முன்தொடைத் தசை. உட்கார்ந்தே இருந்தா அது இளைச்சுடும், பாரம் மூட்டுல இறங்கும். முட்டி வீங்கினாலே அந்தத் தசை சரியா வேலை செய்யாது. வலிக்குதுன்னு நடக்காம இருந்தா இன்னும் மோசம்.

குமரன்: பயிற்சி செஞ்சா குருத்தெலும்பு திரும்ப வளரும்னு யூடியூப்ல வருதே?

மாலதி (பிசியோ): வளராது. எக்ஸ்ரே அப்படியேதான் இருக்கும். வலி ஓரளவு குறையும், எழுந்திருக்க, நடக்க சுலபமாகும். அவ்வளவுதான், ஆனா அதுவே பெரிசு.

செல்வி அக்கா: எதுல ஆரம்பிக்கணும்?

மாலதி (பிசியோ): முதல்ல படுத்துக்கிட்டு. முட்டிக்கு அடியில சுருட்டின துண்டு வச்சு, அதைக் கீழ அழுத்தி 5 வினாடி பிடிங்க. 10 தடவை. மூச்சை அடக்கினா பிரஷர் ஏறும், அதனால வாய்விட்டு எண்ணணும்.
அடுத்து, ஒரு காலை மடக்கி வச்சு மத்த காலை நேரா 30 செ.மீ. தூக்கி 5 வினாடி. முட்டி மடங்கினாலோ இடுப்பு வளைஞ்சு மேல வந்தாலோ தொடை வேலை செய்யல.

மாலதி (பிசியோ): முக்கியமானது நாற்காலிப் பயிற்சி. நாற்காலி முதுகு சுவத்துல ஒட்டியிருக்கணும். மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இருக்கிற மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், மொசைக் தரையில வழுக்கும். பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்து, உடம்பை முன்னால சாய்ச்சு எழுந்திருங்க. உட்காரும்போது மெதுவா, 3 வினாடி. 8 தடவை, ஓய்வு, இன்னொரு 8. முடியலன்னா தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்க.

குமரன்: எழும்போது ரெண்டு முட்டியும் உள்பக்கம் சாயுதே?

மாலதி (பிசியோ): இடுப்புப் பக்கத் தசை பலவீனம். ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்குற பயிற்சியும் 10 சேருங்க.

ராஜு அண்ணன்: ஜிம்முல கனமா தூக்கினா சீக்கிரம் சரியாகாதா?

மாலதி (பிசியோ): 2021ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, முட்டித் தேய்மானம் உள்ள 377 பேரை 18 மாசம் பார்த்தாங்க அண்ணே. கனமா தூக்கினவங்களுக்கும் லேசா தூக்கினவங்களுக்கும் வலியில பெரிய வித்தியாசம் இல்ல. தூக்காம சும்மா ஆரோக்கிய வகுப்பு மட்டும் கேட்ட குழுவும் கிட்டத்தட்ட அதே நிலை! எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தா பயிற்சியால பலன் உண்டு, ஆனா மாயம் எதிர்பார்க்காதீங்க. கணுக்கால்ல 1 கிலோ சீனிப் பாக்கெட் கட்டினா ஆரம்பத்துக்குப் போதும்.

செல்வி அக்கா: செய்யும்போது வலிச்சா நிறுத்திடணுமா?

மாலதி (பிசியோ): 10க்கு 5 வரைக்கும் வலி பரவாயில்ல. மறுநாள் காலையில பழைய அளவுக்கு இறங்கிடணும். இறங்கலன்னா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, ஒரேயடியா விட்டுடாதீங்க. வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். பலன் தெரிய 6ல இருந்து 8 வாரம் ஆகும். ரெண்டாவது வாரத்துலயே “பலனில்ல”ன்னு விடுறவங்கதான் அதிகம்.

ராஜு அண்ணன்: உடம்பு எடை?

மாலதி (பிசியோ): 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டியில சுமார் 4 கிலோ பாரம் குறையும். நாசி கண்டார் சோத்துல குழம்பை ‘பஞ்ஜிர்’ (வெள்ளமா) ஊத்தாம வாங்குங்க 😄

குமரன்: தண்ணீர்மலைப் படிக்கு?

மாலதி (பிசியோ): ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல, ஒரு கை கம்பியில. இறக்கம்தான் கஷ்டம், மெதுவா உட்கார்ற பயிற்சி அதுக்குத்தான். தடி வலிக்காத பக்கத்துக் கையில.

செல்வி அக்கா: முட்டி சூடா வீங்கியிருந்தா?

மாலதி (பிசியோ): சூடு, காய்ச்சல், முட்டி பூட்டிக்கிறது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்குறது, எது வந்தாலும் அன்னைக்குப் பயிற்சி கிடையாது. உடனே கிளினிக்.