வாவி நீரைப் பரிசோதிக்க வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. அடுத்த மாதம் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்துக்கு அருகே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி வைக்கிறோம். மழைக்குப் பின் வடிகால் நீர் வாவியில் கலப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலேயே செய்ன் நதியில் கிருமி கூடியதால் ஆண்கள் ட்ரையத்லனை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். 2000ஆம் ஆண்டு போர்னியோவில் நடந்த சாகசப் போட்டியில் ஆற்றில் இறங்கிய பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. நம் வயற்காரர்களுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஈ.கோலை (நீரில் மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) பரிசோதனைக்கு நீரை எங்கே கொடுக்கலாம்? எவ்வளவு செலவாகும்? மாதிரி எடுக்கும் முறை என்ன? காலில் சிறு காயமுள்ள பிள்ளையை நீரில் இறக்கலாமா? குழுவில் உள்ள வைத்தியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தயவுசெய்து பதில் தாருங்கள். முடிவு சரியில்லை என்றால் போட்டியைத் தள்ளிவைக்கத் தயாராக இருக்கிறோம்.